கடை அண்ணைக்கு எப்படித் துணை நிற்பது?

நீங்கள் நீளமாக எழுதியிருப்பதைச் சுருக்கினால் விஷயம் இதுதான். இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரம், நாலு தமிழ்க் குடும்பங்கள், தெருமுனையில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையின் கடை. வெள்ளிக்கிழமை இரவுகளில் ஐந்தாறு பெடியன்கள் வந்து அவரைப் 'பாக்கி' (பாகிஸ்தான்காரர் என்பதைச் சுருக்கிச் சொல்லும் இனவெறி வசை) என்று கூப்பிடுகிறார்கள், உன் நாட்டுக்குப் போ என்கிறார்கள், காசைக் கையில் தராமல் நிலத்தில் எறிந்துவிட்டு, போகும்போது கதவில் ஒரு உதை விட்டுப் போகிறார்கள். அவரோ பொலிசுக்குப் போக மாட்டேன் என்கிறார். ஊர்வலம் வைக்கலாமா, வீடியோ எடுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் 'எங்களால் அவருக்கு இன்னும் கரைச்சல் வந்துவிடக் கூடாது' என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 16 வருடம் நானே ஓஃப் லைசன்ஸ் கடை, அதாவது மதுபானமும் விற்கிற கடை வைத்திருந்தேன், முதுகு விட்டுப்போய் விற்றேன். அதற்குப் பிறகு இந்த மாதிரி மாட்டிக்கொண்ட கடைக்காரர்களோடு பொலிஸ் நிலையம், கவுன்சில், சிலவேளை நீதிமன்றம் என்று கூடப் போவதும் மொழிபெயர்ப்பதுமாகவே காலம் ஓடுகிறது. நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும்தான். ஸ்கொட்லாந்தில் வேறு, அங்கே 2021 முதல் கடையில் வேலை செய்பவரைத் தாக்குவது, மிரட்டுவது, ஏசுவது எல்லாம் தனிக் குற்றம். வட அயர்லாந்து இன்னும் வேறு.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் ஒருவன் உங்களை ஏசினால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடலாம். கடைக்காரர் எங்கே இறங்குவது? அவர் எத்தனை மணிக்குத் திறப்பார், எத்தனை மணிக்கு அடைப்பார் என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது. எத்தனை மணிக்குத் தனியாக நிற்பார் என்பது அந்தப் பெடியன்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். இன்றைக்கு ஏசியவன் நாளைக்கு ஒரு கோலா வாங்க வருவான், அவனுக்கும் 'தாங்க் யூ' சொல்லித்தான் மிச்சக் காசு கொடுக்க வேண்டும். அதனால் நீங்கள் செய்யப்போகிற எதையும் ஒரு கேள்வியால் அளந்து பாருங்கள்: நாங்கள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, இரவு பத்து மணிக்கு ஷட்டரை இழுக்கும்போது, இது அவருக்கு உதவுமா?

அவர் ஏன் பொலிசுக்குப் போகவில்லை என்பதற்குப் பயந்தாங்கொள்ளி என்று மட்டும் காரணம் கண்டுபிடிக்காதீர்கள். நான் பார்த்த வரையில் நாலைந்து காரணங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். சீருடையைக் கண்டால் ஒதுங்கிப் போகச் சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை அது. அகதி வழக்கு முடிந்து இருபது வருடம் ஆகியிருந்தாலும் தன் பெயர் ஒரு அரசாங்கக் கோப்பில் ஏறுவது அவருக்குப் பிடிக்காது. பொலிஸ் அடிக்கடி வந்தால் மதுபான லைசன்சைத் திருப்பிப் பார்ப்பார்களோ, காப்புறுதிக்காரன் காசைக் கூட்டுவானோ என்று ஒரு கணக்கு ஓடும். ஒரு தடவை போன் பண்ணி, நாற்பது நிமிடம் காத்திருந்து, கடைசியில் ஒரு முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்த அனுபவமும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே வெட்கம். மகளுக்கு முன்னால் தன்னை ஒருவன் அப்படிக் கூப்பிட்டான் என்பதை இன்னொருவருக்குச் சொல்வதற்கே வாய் வராது.

இதில் ஒரு தமிழ் வேடிக்கையும் உண்டு. பாக்கி என்று கூப்பிட்டால் நம் ஆட்கள் பலர் 'நான் பாகிஸ்தான் இல்லை, ஸ்ரீலங்கா' என்று திருத்துவார்கள். பெடியன்கள் இன்னும் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித் திருத்தியவன்தான், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஏதோ பாகிஸ்தான்காரரைச் சொன்னால் பரவாயில்லை என்கிற மாதிரி. சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு. 1998இல் வந்த குற்றம், ஒழுங்குக்கேடு பற்றிய சட்டத்தின் 28ஆம் பிரிவில், பாதிக்கப்பட்டவர் உண்மையில் எந்த இனம் என்பது பொருட்டில்லை, ஏசியவன் அவரை எந்த இனம் என்று நினைத்தான் என்பதே போதும் என்று இருக்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கட்டாயம் அண்ணைக்குச் சொல்லுங்கள்: வேறு காரணமும் சேர்ந்திருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. அதாவது, 18 வயது ஆகாத பெடியனுக்கு வேப் (மின் சிகரெட்) விற்க மறுத்தார், அந்தக் கோபத்தில்தான் பெடியன் அப்படிச் சொன்னான், மற்றபடி நல்ல பிள்ளை என்ற கதை சட்டத்தில் எடுபடாது. கடைகளில் நடக்கும் ஏச்சில் பெரும்பகுதி இப்படித்தான் தொடங்குகிறது. சிகரெட் இல்லை, பியர் இல்லை, அடையாள அட்டை காட்டு. விற்றால் லைசன்ஸ் போகும், விற்காவிட்டால் வசை.

உன் நாட்டுக்குப் போ என்பது சும்மா வாய்ப்பேச்சுத்தானே, இதெல்லாம் குற்றமா என்று உங்களில் யாரோ கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 2007இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைவரை போன வழக்கு ஒன்று இருக்கிறது. மொபிலிட்டி ஸ்கூட்டரில் வந்த ஒருவர், நடைபாதையில் நின்ற மூன்று ஸ்பெயின் நாட்டுப் பெண்களை வெளிநாட்டவர் என்று திட்டி, சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி, அவர்கள் ஒதுங்கிய கெபாப் கடைவரை துரத்திப் போனார். 'வெளிநாட்டவர்' என்பது ஒரு இனத்தின் பெயர் இல்லையே என்று அவர் பக்கத்தில் வாதாடினார்கள். நீதிபதிகள் ஏற்கவில்லை. இந்த நாட்டவர் இல்லை என்று ஒதுக்குவதே போதும் என்று முடிவானது. ஆகவே அந்த வார்த்தை, மிரட்டும் தொனியில் அல்லது இழிவுபடுத்தும் தொனியில் வந்தால், குற்றத்தை இனவெறிக் குற்றமாக்கும். இது நிச்சயமாகச் சொல்லக்கூடிய விஷயம்.

இன்னொரு நிச்சயம்: முறைப்பாட்டை அவர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவன் 1993இல் லண்டனில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது கொல்லப்பட்டான். அந்த விசாரணையை பொலிஸ் எப்படிக் கெடுத்தது என்று ஆராய்ந்து 1999இல் வந்த மக்பெர்சன் அறிக்கை, பாதிக்கப்பட்டவரோ வேறு யாருமோ இது இனவெறி என்று கருதினால் அப்படியே பதிய வேண்டும் என்று சொன்னது. அந்த 'வேறு யாருமோ' நீங்கள்தான். அவசரமில்லாவிட்டால் பொலிசின் 101க்கு அடிக்கலாம், பொலிசின் ட்ரூ விஷன் இணையத்தளத்தில் எழுதலாம், ஆள் ஆபத்தில் இருந்தால் 999. அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள், அவ்வளவுதான். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முதல் தடவை வேண்டாம் என்பார். மூன்றாம் தடவை 'உங்கள் விருப்பம்' என்பார், அதைச் சம்மதம் என்று எடுக்கலாம்.

எழுதி வைப்பது எப்படி என்பதில்தான் நம் ஆட்கள் தோற்கிறார்கள், அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். அறுபது தாண்டிய ஒரு பெரியவர், கடையில் ஒரு மாதமாக இதே தொல்லை. கடைசியில் ஒருமாதிரி சம்மதித்து, வாக்குமூலம் எடுக்க இளம் பொலிஸ்காரி ஒருத்தி கடைக்கே வந்தாள். நான் மொழிபெயர்க்க நின்றேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். பெரியவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, 'பாட் வேர்ட்ஸ், மேடம். வெரி பாட் வேர்ட்ஸ்' என்றார். என்ன வார்த்தை? 'நாட் குட், மேடம்.' மகள் வயதுப் பிள்ளைக்கு முன்னால் அந்தச் சொற்களை வாயில் எடுக்க அவரால் முடியவில்லை, தமிழில் எனக்குச் சொல்லவும் முடியவில்லை. பொலிஸ்காரி பேனாவை மூடப் போனாள். அப்போது பிறீசர் பக்கத்தில் பட்டாணிப் பையோடு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி, ஒவ்வொரு காலையும் பேப்பரும் சுரண்டும் லாட்டரியும் வாங்குகிறவள், 'நான் அன்றைக்கு இங்கேதான் நின்றேன்' என்று முன்னுக்கு வந்து, பெடியன்கள் சொன்ன அத்தனையையும், நாலெழுத்து வார்த்தைகள் உட்பட, சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெரியவர் சிகரெட் தட்டுப் பக்கம் திரும்பி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு பக்கம்தான் பிறகு வழக்காக நின்றது. நீதிமன்றத்துக்கும் சில்லு வைத்த அதே பையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். திகதி, நேரம், ஆங்கிலத்தில் அவர்கள் சொன்ன சொல் அப்படியே, யார் யார் கடையில் நின்றார்கள். அண்ணைக்கு எழுதக் கூச்சமாக இருந்தால் அன்றைக்கு அங்கே நின்ற ஒருவர் எழுதட்டும், எழுதியவர் கையெழுத்து வைக்கட்டும். 'கெட்ட வார்த்தை பேசினார்கள்' என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். சின்னக் குற்றங்களுக்கு ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும், அதனால் ஆறப்போடக் கூடாது. கமராப் பதிவும் அப்படித்தான், பெரும்பாலான ரெக்கோர்டர்கள் சில வாரங்களில் பழையதை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதியும்.

பொலிஸ் அசையாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரே தொல்லையைப் பற்றி ஆறு மாதத்துக்குள் மூன்று முறைப்பாடு கொடுத்தும் எதுவும் நடக்கவில்லை என்றால், கவுன்சிலும் பொலிசும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து அந்த வழக்கைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். நடந்து ஒரு மாதத்துக்குள் சொன்ன முறைப்பாடுகள்தான் கணக்கில் வரும். அவர் சம்மதித்தால் அவருக்காக நீங்களே கேட்கலாம். மூன்று முறைப்பாட்டு இலக்கங்களும் கையில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பயனில்லாத போன் அழைப்புகளையும் விடாமல் செய்யச் சொல்கிறேன்.

சரி, சட்டம் அவ்வளவு. இதிலிருந்து ஆரம்பித்தது தவறோ என்னவோ, ஏனென்றால் என் அனுபவத்தில் பெரும்பாலும் தொல்லை நின்றது சட்டத்தால் இல்லை. கடை வெறுமையாக இல்லை என்பதால். வெள்ளி இரவு எட்டரைக்கு உங்களில் ஒருவர் பால் வாங்கப் போங்கள், ஒன்பதே காலுக்கு இன்னொருவர் முட்டை, அடைக்கிற நேரம் மூன்றாமவர். பெடியன்கள் நிற்கும்போது போனால் அவர்களோடு கதைக்காதீர்கள், அண்ணையோடு கதையுங்கள். 'அண்ணை, சின்ன வெங்காயம் வந்ததோ?' அவ்வளவுதான். வெங்காயத்தைப் பற்றி ஐந்து நிமிடம் கதைக்கலாம். அவர்களுக்கு வேண்டியது வேடிக்கை, நடுவில் ஒருவர் வெங்காயம் பேரம் பேசினால் வேடிக்கை கெட்டுவிடும். அவர்கள் போன பிறகும் உடனே கிளம்பாதீர்கள். 'ஒண்டும் யோசிக்காதேங்கோ' என்று ஆறுதல் சொல்வதைவிட 'அடைக்கும்வரை நிற்கட்டோ?' என்று கேட்பது மேல். அப்புறம், துணைக்கு நிற்கிறோம் என்று சொல்லிக் கடன் கொப்பியில் பெயர் எழுதிவிட்டுப் போகாதீர்கள், அதையும் பார்த்திருக்கிறேன். வாரம் முழுக்க ஐந்து மைல் தள்ளி சுப்பர்மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிட்டு இவருக்காகப் பதாகை பிடிப்பதும் அழகில்லை.

நாலு தமிழ்க் குடும்பம் மட்டும் முறை வைத்து நின்றால் அது 'அவங்களும் ஒரு கூட்டம்' என்றுதான் தெரியும். அந்தக் கிழவி மாதிரி ஆட்கள் உங்கள் தெருவிலும் இருக்கிறார்கள், யாரும் கேட்காததால் சும்மா இருக்கிறார்கள். இனவெறிக்கு எதிராகக் கைகோருங்கள் என்று கேட்டால் முழிப்பார்கள். வெள்ளிக்கிழமை நாய் நடத்தும்போது எட்டே முக்காலுக்கு இந்தப் பக்கமாக வருகிறீர்களா என்று கேட்டால் வருவார்கள். பப் நடத்துகிறவரைப் பிடியுங்கள், பாடசாலை வாசலில் பிள்ளைகளைத் தெரு கடக்க வைக்கும் அம்மாவைப் பிடியுங்கள், பெடியன்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு அம்மம்மாவின் காதில் விழுந்தால் நீதவானைவிட வேகமாக வேலை நடக்கிற வீடுகள் உண்டு. எல்லா வீடும் அப்படி இல்லை, அதனால் யார் போய்ச் சொல்வது என்பதை அந்தத் தெருக்காரரே முடிவு செய்யட்டும்.

ஒரு மூலையில் சும்மா நிற்பதால் என்ன வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு லண்டனின் பிரிக் லேன் தெருக் கதையைச் சொல்வேன். 1978 மே 4ஆம் திகதி கிழக்கு லண்டனில் அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு போகும் வழியில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து ஆயிரக்கணக்கானோர் அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் பிரதமர் வீடுவரை நடந்தார்கள், அந்த ஊர்வலம்தான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி ஆட்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். வெள்ளை இனவெறி பேசிய நேஷனல் பிரண்ட் கட்சிக்காரர் ஞாயிறு காலைகளில் பிரிக் லேன் முனையில் நின்று பத்திரிகை விற்பார்கள், அதைச் சாட்டிக் கடைகளுக்கும் ஆட்களுக்கும் தொல்லை. இவர்கள் அந்தக் கோடையில் அவர்களுக்கு முன்பே போய் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊர்வலம் ஒரு நாள், முனையில் நிற்பது ஞாயிறுக்கு ஞாயிறு. இரண்டும் வேண்டித்தான் இருந்தது, ஆனால் உங்கள் கேள்விக்குக் கிட்டத்தில் இருப்பது இரண்டாவது.

2024 ஜூலைக் கடைசியிலும் ஓகஸ்ட்டிலும் இரண்டையும் பார்த்தோம். சவுத்போர்ட் என்ற நகரத்தில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதும், கொன்றவன் படகில் வந்த அகதி என்று பொய்ச் செய்தி பரவி, மறுநாள் இரவு பள்ளிவாசலைத் தாக்கியவர்கள் அருகில் இலங்கையர் ஒருவரின் கடையையும் உடைத்துக் கொள்ளையடித்தார்கள். விடிந்ததும் அந்த ஊர் ஆட்களே துடைப்பத்தோடு வந்தார்கள், கொத்தனார்கள் கூலி வாங்காமல் பள்ளிவாசல் மதிலைக் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஓகஸ்ட் 7ஆம் திகதி வோல்தம்ஸ்டோ, பிரைட்டன் என்று பல இடங்களில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் தெருவுக்கு வந்து நிற்க, கலவரக்காரர் பெரும்பாலும் வரவே இல்லை. அந்த இரவு எனக்கும் கண் கலங்கியது, மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் நான் கூடப் போகும் கடைகளில் காசு பழையபடி நிலத்தில்தான் விழுந்தது.

இனி எனக்குச் சந்தேகமாக உள்ளவை. வீடியோவைப் போடலாமா? ஒரு கடையில் வீடியோ பரவி, பூங்கொத்தும் வாழ்த்து அட்டையும் வந்து குவிந்து தொல்லை நின்றது. இன்னொரு கடையில் வீடியோ பரவிய மூன்றாம் இரவு கண்ணாடி உடைந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. பெடியன்கள் 18 வயதுக்குக் கீழே என்றால் நான் போட மாட்டேன், வழக்கையும் அது குழப்பும். பதிவை பொலிசுக்குக் கொடுங்கள், ஒரு பிரதி வைத்திருங்கள். கடைக்கு வரக்கூடாது என்று கடிதம் கொடுப்பது கடைக்காரரின் உரிமை, இனம், மதம் மாதிரிக் காரணம் இல்லாமல் நடத்தைக்காக யாரையும் தடுக்கலாம். ஆனால் அதை அமல்படுத்தத் தனியாள் போதாது. பெடியனைக் கூட்டி வந்து மன்னிப்புக் கேட்க வைக்கலாமா என்று பொலிஸ் கேட்கக்கூடும். ஒரு பெடியன் அப்படி வந்தவன் பிறகு அதே கடையில் பேப்பர் போடும் வேலைக்குச் சேர்ந்ததைக் கண்டிருக்கிறேன், வாசல் தாண்டியதும் சிரித்துக்கொண்டு போனவனையும் கண்டிருக்கிறேன். அண்ணைக்கு மனம் இருந்தால் மட்டும்.

சந்தேகமே இல்லாத ஒரு 'வேண்டாம்' உண்டு. பக்கத்து நகரத்திலிருந்து எங்கடை பெடியள் கிரிக்கெட் மட்டையோடு காரில் வந்து 'ஒருக்கால் காட்டுவம்' என்று நின்ற ஒரு இரவு எனக்குத் தெரியும். கைதானவர்கள் இரண்டு பேர், இரண்டும் எங்கடை பெடியள். கடை லைசன்ஸ் விசாரணையில் அந்த இரவுதான் முதலில் வாசிக்கப்பட்டது.

கடைசியாக, கேட்கப் பிடிக்காத ஒன்று. அண்ணையின் கடையில் நின்று கதைக்கும்போது கறுப்பினப் பிள்ளைகளைக் 'காப்பிலி' என்று சொல்வதையும், ருமேனியாக்காரர் வந்தால் கண்ணை அவர்கள் பையிலேயே வைத்திருப்பதையும் நம் ஆட்கள் நிறுத்த வேண்டும். தமிழில் சொன்னால் விளங்காது என்று நினைக்கிறோம். தொனி விளங்கும். நாளைக்கு சாட்சி சொல்ல வரக்கூடியவர்களும் அவர்கள்தான்.

இந்த வெள்ளிக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அண்ணையிடம் கேட்டு டில்லுக்கு (காசுப் பெட்டிக்கு)ப் பின்னால் போய் ரெக்கோர்டரின் மணிக்கூட்டைப் பாருங்கள். மார்ச்சிலும் அக்டோபரிலும் நேரம் மாறும்போது அதை யாரும் மாற்றுவதில்லை, ஒரு மணித்தியாலம் பிசகிய பதிவைக் காட்டி அந்த நேரம் என் பிள்ளை வீட்டில் இருந்தான் என்று ஒரு தகப்பன் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். திருத்திவிட்டு ஒரு பால் வாங்கிக்கொண்டு வாருங்கள்.